நடுவீடு வரை வந்தவை

எங்கள் பில்டிங் லிஃப்ட் கதவில் ஒரு காலையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: ‘நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது.’ மும்பை மாட்டுங்கா கிழக்கில் ஐந்து மாடி, இருபது குடித்தனம். அதில் நாய் இருப்பது ஒரே வீட்டில். நாலாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலித் தம்பி, மழைக்காலத்தில் ஸ்டேஷன் வாசலில் நனைந்துகொண்டிருந்த குட்டி ஒன்றைத் தூக்கிவந்து வளர்க்கிறார். பெயர் பிஸ்தா. நோட்டீஸ் என்னவோ பன்மையில்தான் இருந்தது. யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அடுத்த ஞாயிறு சொசைட்டி மீட்டிங்கில் விஷயம் வெடித்தது. மூன்றாம் மாடி மாமி, நாற்பது வருஷமாக இங்கேயே இருப்பவர், தம்பியைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்: “நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வெச்சாலும்னு பெரியவா சும்மாவா சொன்னா?” தம்பி சிரித்துக்கொண்டே, “மாமி, எங்க வீட்ல நடுவீடுன்னு ஒண்ணு எங்க இருக்கு? ஒரு ரூம், ஒரு கிச்சன். வாசலைத் தாண்டினா படுக்கைதான்” என்றார். குஜராத்தி சேர்மனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அந்தப் பதில் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பழமொழியில் நாயைவிட வீடுதான் பெரிதாகத் தெரிகிறது. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று நீண்டுகிடந்த வீட்டில் ஒவ்வொரு உயிருக்கும் ஓர் இடம் ஒதுக்கிவைத்திருந்தோம். நாய்க்கு வாசல், மாட்டுக்குக் கொல்லை, கிளிக்கு உத்தரத்தில் தொங்கும் கூண்டு. பூனைக்கு அடுப்படி, அதுவும் எலி இருக்கும்வரை. செல்லப்பிராணி என்று இன்று நாம் சொல்வது அந்த வரிசையை மீறி நடுவீட்டுக்கு வந்துவிட்ட உயிரை. எந்த நாட்டில் எது அப்படி உள்ளே வந்தது என்று கேட்டால், ஜப்பானியருக்குப் பூனை பிடிக்கும், ஜெர்மானியருக்கு நாய் பிடிக்கும் என்று வாரப்பத்திரிகைத் துணுக்கு மாதிரி பதில் வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாசம் எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். வீட்டின் சதுர அடி, பக்கத்து வீட்டுக்காரர், சாமி, சட்டம், சந்தையில் மலிவாகக் கிடைப்பது எது என்பவைதான் உள்ளே வரும் ஆளை முடிவு செய்கின்றன.

முதலில் எங்கள் பேட்டையையே எடுத்துக்கொள்கிறேன். மாட்டுங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் தாதர் பார்சி காலனி. ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் காலையில் நடைபோனால் பார்சிப் பெரியவர்களும் அவர்களுடைய நாய்களும் எதிர்ப்படுவார்கள். யார் யாரை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று சொல்வது சில சமயம் கஷ்டம். அந்தச் சமூகத்துக்கு நாய் காவல்காரன் மட்டுமில்லை. பார்சி மரபில் ஒருவர் இறந்தால் சடலத்தின் முன் ஒரு நாயைக் கொண்டுவந்து பார்க்க வைப்பார்கள். ‘சக்தீத்’ என்று அந்தச் சடங்குக்குப் பெயர். நாயின் பார்வை என்று பொருள். கண்ணுக்கு மேலே இரண்டு புள்ளி உள்ள ‘நாலு கண் நாய்’ அதற்கு உசிதம். சாவு வீட்டில் மனிதரே தள்ளி நிற்கும்போது உடலருகே அனுமதிக்கப்பட்ட பிராணி அது.

இது புரிந்தால்தான் 1832இல் பம்பாயில் நடந்தது புரியும். கோடையில் தெருநாய்களைக் கொல்ல வேண்டும் என்பது கம்பெனி அரசின் ஏற்பாடு; ஒரு நாய்க்கு எட்டணா வெகுமதி. அந்தக் காலத்து எட்டணா சின்னக் காசு இல்லை. ஆசைப்பட்ட போலீஸ்காரர்கள் வளர்ப்பு நாய்களையும் விட்டுவைக்கவில்லை. ஜூன் 6ஆம் தேதி, பார்சிகளுக்குப் புனித நாள், கோட்டைப் பகுதியில் கூட்டம் கூடிப் போலீசைத் தாக்கியது. மறுநாள் கடையடைப்பு. கொலாபாவில் இருந்த பட்டாளத்துக்குப் போக வேண்டிய உணவுப் பொருள்களையும் மறித்துவிட்டார்கள். ‘பம்பாய் நாய்க் கலவரம்’ என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். இந்துக்களும் ஜைனர்களும் சேர்ந்துகொண்டார்கள் என்பதையும், கடைசியில் நாய்களைக் கொல்லாமல் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவது என்று அரசு இறங்கிவந்தது என்பதையும் இந்த ஊரில் லிஃப்ட் நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதே நகரத்தில், பரேலில், 1880களிலேயே பார்சி கொடையில் கால்நடை மருத்துவமனை எழும்பியது. பாய் சகர்பாய் பெயரில் இன்றும் நடக்கிறது.

நமக்கு நாய்ப் பாசம் இல்லை என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய நாய் ஒன்றின் பெயர் நமக்குத் தெரியும். அதே காலத்தில் வாழ்ந்த எத்தனை மனிதர்களின் பெயர் தெரியும்? ஆனால் ஒன்று: கோவிவனுக்குக் கல் நட்டார்கள், கூடத்தில் பாய் போடவில்லை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன இனங்கள். திறந்த வெளியும் ஓடுகிற வேலையும் இருந்த ஊரில் உருவானவை. ராஜபாளையத்துக்கு 2005இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது. அதைக் கொண்டுவந்து ஒரு ரூம் கிச்சனில் வைத்தால் இரண்டு பேருக்கும் தண்டனை.

பூனை கதை வேறு. பூனையை யாரும் பிடித்துப் பழக்கவில்லை. மனிதன் தானியம் சேர்த்தான், எலி வந்தது, எலிக்குப் பின்னால் அது வந்தது. அப்படி வந்த பூனையை வெளியே தள்ளாத ஊர் என்றால் இஸ்தான்புல். பூனை சுத்தமான பிராணி என்பது இஸ்லாமிய மரபு. நாயின் எச்சில் பட்டால் கழுவ வேண்டும் என்பது பல சட்ட மரபுகளின் கருத்து. எந்த அளவுக்கு என்பதில் ஷாஃபி வழிக்கும் மாலிக்கி வழிக்கும் வேறுபாடு உண்டு. ஆக, துருக்கியின் கடைகள், படகுத்துறைகள், மசூதிகள் எல்லாமே பூனைக்குத் திறந்த வாசல். ஹாகியா சோபியாவில் ‘க்ளி’ என்ற பூனை பல வருஷம் குடியிருந்தது; 2020இல் அது செத்தபோது உலகச் செய்தியானது. நடைபாதைப் படியில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து உட்காரும் ‘டோம்பிலி’ என்ற இன்னொரு பூனைக்கு, அதே இடத்தில் அதே சாய்மானத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள், 2016இல். யாருடைய பூனை என்று கேட்டால் தெருவுடையது என்பார்கள். வீட்டுப் பிராணிக்கும் தெருப் பிராணிக்கும் நடுவே நாம் போடும் கோடு அங்கே அழிந்துகிடக்கிறது.

நாய்க்கு மட்டும் அந்தச் சலுகை கடைசிவரை நிற்கவில்லை. பிடி, கருத்தடை செய், ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு என்றுதான் 2004ஆம் வருஷத்துத் துருக்கிச் சட்டம் சொன்னது. 2024 ஜூலையில் அதை மாற்றி, தெருநாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வழி செய்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 11இல் நம் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத் தெருநாய்கள் அத்தனையையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 22ஆம் தேதி, வெறிநாய்க்கடி நோயுள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை ஊசி போட்டுத் திரும்ப விடலாம் என்று தளர்த்தியது. பதினோரு நாளில் இரண்டு தீர்ப்பு. துருக்கிக்காரர்கள் இருபது வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

சட்டம் நடுவீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்ட ஊர் சிங்கப்பூர். என் நாத்தனார் அங்கே அரசு வீட்டுவசதிக் கழகத்தின் அடுக்குமாடியில் இருக்கிறார். பெரும்பாலான சிங்கப்பூர்வாசிகள் அப்படித்தான். அந்த வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை. நாய் வளர்க்கலாம்: ஒன்றே ஒன்று, அனுமதிக்கப்பட்ட சிறு இனங்களில் ஒன்று. பூனைக்கு ஏன் கூடாது? அதை வீட்டுக்குள் கட்டிப்போட முடியாது, அடுத்த வீட்டுக்குப் போய்விடும், முடி கொட்டும், ராத்திரியில் கத்தும் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். இது ஒன்றும் பொய்யில்லை. ஆனால் முப்பத்தைந்து வருஷம் சிங்கப்பூர்க்காரர்கள் பூனை வளர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாத்தனாரின் பக்கத்து வீட்டில் ஒரு சாம்பல் பூனை இருந்ததாம். ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் அது இவர்கள் வீட்டுக்கு ‘விருந்து’ வந்துவிடும். 2024 செப்டம்பர் 1 முதல் தடை நீங்கியது: ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை, லைசென்ஸ், உடம்பில் மைக்ரோசிப், முதல்முறை வளர்ப்பவருக்கு ஒரு சின்ன இணையவழிப் பாடம், ஜன்னலுக்கு வலை. பூனையின் குணம் ஒன்றும் 2024இல் மாறிவிடவில்லை.

பூனை, நாய் இரண்டையும் வீட்டுச் சொந்தக்காரர் ஒப்பந்தத்திலேயே மறுத்துவிட்டால் என்ன செய்வது? ஜப்பானில் வாடகை வீடுகள் பலவற்றில் அதுதான் நிலைமை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த ஒரு வழி, காபி குடித்தபடி அடுத்தவர் பூனையைத் தடவிவிட்டு வருவது. பூனை காபிக்கடை முதலில் வந்தது தைவானில், 1998இல்; ஆனால் காடாகப் பரவியது ஜப்பானில். இன்னொரு வழி பழையது: பூச்சி. கோடை வந்தால் ஜப்பானியப் பையன்கள் கொம்பு வண்டை டப்பாவில் வளர்ப்பார்கள். கடையில் வண்டும் விற்கும், அதற்கு ஜெல்லித் தீனியும் விற்கும். 1999இல் வெளிநாட்டு வண்டுகளின் இறக்குமதியைத் தளர்த்தியதும், தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து ராட்சத வண்டுகள் வந்து குவிந்தன. ராத்திரியில் மணிபோல ஒலிக்கும் ஒரு சிள்வண்டை வெறும் குரலுக்காகவே வளர்க்கிறவர்களும் உண்டு. சீனாவில் பல நூற்றாண்டாகச் சுரைக்குடுக்கையில் சிள்வண்டு வைத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். தீப்பெட்டியில் பொன்வண்டு வைத்து முட்டை போடுமா என்று பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் விசித்திரமாகப் படாது. நாம் அதற்குச் சந்தை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜப்பானில் நாயைப் பூனை முந்தியது 2017 வாக்கில். தனியாக இருக்கும் முதியவர்கள், சின்ன வீடு, தினமும் இரண்டு வேளை நடைக்குக் கூட்டிப்போக முடியாத முழங்கால். நாய்களும் பூனைகளும் சேர்ந்து இப்போது சுமார் 1 கோடியே 59 லட்சம். பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அதைவிடக் குறைவு. தென்கொரியாவிலும் அதே காற்று. 2023இல் ஒரு பெரிய இணையக் கடையில் குழந்தை வண்டியைவிட நாய் வண்டி அதிகம் விற்றது. நாயிறைச்சிக் கடைகள் இருந்த நாடு அது. 2024 ஜனவரியில்தான் அந்தத் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் வந்தது, 2027 முதல் நடைமுறைக்கு வருகிறது.

பறவைக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் ஜாவாவை மிஞ்ச ஆளில்லை. ஜாவாவின் பழைய வழக்கில் ஓர் ஆண் நிறைவாக வாழ ஐந்து வேண்டும்: வீடு, மனைவி, குதிரை, கிரிஸ் என்ற குறுவாள், ஒரு பறவை. அவர்கள் மொழியில் மனைவிக்கு ‘வனிதா’, குதிரைக்கு ‘துரங்கா’, பறவைக்கு ‘குகிலா’. வனிதை, துரகம், கோகிலம் என்று நம் காதுக்கும் பழகிய வடசொற்கள்தான். கப்பலேறிப் போய் அங்கே குடியேறியவை. குதிரையும் குறுவாளும் போய்விட்டன, பறவை நின்றுவிட்டது. ஜாவாவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் கூண்டுப் பறவை. மொத்தம் 6 கோடியே 60 லட்சம் முதல் 8 கோடியே 40 லட்சம் வரை என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. காட்டில் இருப்பதைவிடக் கூண்டில் இருப்பது அதிகம் என்று பறவையியலாளர்கள் அஞ்சுவது இதனால்தான். பாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. ஜெயித்த சோலைபாடியின் விலை மோட்டார் பைக் விலையைத் தாண்டும். எந்தப் பறவை போட்டியில் பிரபலமாகிறதோ அந்தப் பறவை காட்டில் குறையும். வைக்கோல் நிறத் தலை கொண்ட ஒரு வகைக் கொண்டைக்குருவி, குரலின் இனிமைக்காகவே பிடிபட்டுப் பிடிபட்டு, ஜாவாக் காடுகளில் இல்லாமலே போய்விட்டது. பறவையின் மேல் வெறுப்பு இருந்திருந்தால் அது பிழைத்திருக்கும்.

நம் கூண்டில் இருப்பது என்ன? கிராஃபோர்ட் மார்க்கெட்டில் பிராணிகள் விற்கும் வரிசைக்குப் போய் லவ் பேர்ட்ஸ் கேளுங்கள். பச்சையும் மஞ்சளும் நீலமுமாகச் சின்னக் கிளி ஜோடியைக் காட்டுவார்கள். சென்னை பிராட்வேயிலும் அதுதான், திருநெல்வேலியிலும் அதுதான். அது லவ் பேர்ட்ஸ் அல்ல. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் பக்கத்துக் குட்டைவால் கிளி. நாம் ஜோடியாக வாங்குவது பட்ஜெரிகர் என்ற ஆஸ்திரேலியப் புல்வெளிப் பறவை. ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840இல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கூண்டில் சுலபமாகக் குஞ்சு பொரித்தது, தினைதான் தீனி, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. காட்டில் பச்சை நிறம் மட்டுமே. நீலமும் வெள்ளையும் கூண்டில் பிறந்தவை. ஆஸ்திரேலியா தன் காட்டுப் பறவைகளின் ஏற்றுமதியை நிறுத்திப் பல பத்தாண்டு ஆகிறது, அது நின்றதால் இதற்கு ஒன்றும் குறைவில்லை.

மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் தோளிலும் இருக்கும் நம் பச்சைக்கிளியை வளர்த்தால் குற்றம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக் கிளி, மைனா, முனியா எதையும் கூண்டில் வைக்கக் கூடாது. கிளி ஜோசியக்காரர்கள் குறைந்துபோனதற்கு மக்களின் பகுத்தறிவு வளர்ந்தது காரணம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வனத்துறைக்கும் அதில் பங்குண்டு. லண்டனிலோ அதே இனப் பச்சைக்கிளி, கூண்டிலிருந்து தப்பியவற்றின் வம்சம், ஆயிரக்கணக்கில் பூங்காக்களில் கீச்சிடுகிறது. அவர்கள் பறவை நம் கூண்டில், நம் பறவை அவர்கள் மரத்தில். வெளிநாட்டு இனங்களுக்கும் இப்போது கணக்கு வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போலச் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரை வளர்ப்பவர் அரசின் ‘பரிவேஷ்’ தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜெரிகரும் காக்கடீல் என்ற கொண்டைக் கிளியும் அந்தப் பட்டியலில் இல்லை.

அதே வரிசையில் கண்ணாடித் தொட்டிகளில் நாணயம் அளவு ஆமைக்குஞ்சுகள் நீந்தும். மாமியின் பழமொழிகளில் இன்னொன்று: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. ஜப்தி செய்ய வரும் கோர்ட் சிப்பந்திக்குச் சமமாக நாம் அஞ்சிய ஒரே பிராணி. இந்த ஊரிலோ வாஸ்து என்றும் ஃபெங் சுயி என்றும் சொல்லிக் காசு கொடுத்து அதை வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். எங்கள் இரண்டாம் மாடியில் பித்தளை ஆமை ஒன்று வடக்குப் பார்த்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதுவாவது வளராது. உயிருள்ளது, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள அமெரிக்க ஆமை, மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தது. குஞ்சாக இருக்கும்போது உள்ளங்கையில் அடங்கும், பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவு வளரும், இருபது முப்பது வருஷம் இருக்கும். மூன்றாவது வருஷம் தொட்டி நாறத் தொடங்கும்போது பக்கத்து ஏரி நினைவுக்கு வரும். அப்படி விட்டுவிட்டு வந்தவை உலகெங்கும் உள்ளூர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. குழந்தைகளுக்குச் சால்மொனெல்லா தொற்று வருகிறது என்று அமெரிக்காவே 1975இல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இறக்குமதியை நிறுத்தியது. ஜப்பான் 2023 ஜூனில் விற்பனையைத் தடைசெய்தது. ஏற்கெனவே வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளலாம், ஏரியில் விட்டால் தண்டனை. பழமொழியை இந்த ஓர் இடத்தில் நான் ஆதரிக்கிறேன். நம் நாட்டு நட்சத்திர ஆமைக்கோ தலைகீழ் விதி: இங்கே வளர்ப்பது குற்றம், வெளிநாட்டில் கிராக்கி, சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபடுகிறது. 2019இல் அதைச் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் மேலேற்றினார்கள்.

ஒரு நாட்டின் சமையல் இன்னொரு நாட்டின் செல்லம் என்பதற்குக் கினிப் பன்றி என்ற கொறிப்பிராணியைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆண்டீஸ் மலைக்காரர்கள் ஆயிரக்கணக்கான வருஷம் முன்பே அதைப் பழக்கியது சட்டிக்காகத்தான். பெருவில் இன்றும் விருந்துச் சாப்பாடு. கடல் தாண்டி ஐரோப்பா போனதும் மடியில் ஏறிவிட்டது. சுவிட்சர்லாந்து ஒரு படி மேலே போய், கூட்டமாக வாழும் உயிரைத் தனியாக வைப்பதே கொடுமை என்று 2008இல் விதி போட்டது. கினிப் பன்றி வளர்த்தால் குறைந்தது இரண்டு. ஒன்று செத்தால் மிச்சமிருப்பதற்கு வாடகைத் துணை தேடித் தருகிறவர்கள்கூட அங்கே உண்டு. உலகத்து வீடுகளில் வளரும் பொன்னிற வெள்ளெலிகள் (ஹாம்ஸ்டர்) ஏறத்தாழ அத்தனையும் 1930இல் சிரியாவின் அலெப்போ பக்கம் ஒரே வளையிலிருந்து தோண்டியெடுத்த தாய், குட்டிகளின் சந்ததி என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். ஒரு குடும்பம் உலகத்தை நிறைத்துவிட்டது.

நோயும் பயமும் கதவடைத்த ஊர்கள் உண்டு. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் 1924 முதல் அறுபது வருஷம் நாய் வளர்க்கத் தடை. நாயிடமிருந்து பரவும் நாடாப்புழு மனிதரின் கல்லீரலில் கட்டியாக வளர்ந்து கொன்றுகொண்டிருந்தது. அதன் பலன், அந்த ஊர் பூனைகளின் ராஜ்யமானது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் முயல் வளர்த்தால் பெரும் அபராதம். 1859இல் ஒரு பண்ணையார் வேட்டைக்காக அவிழ்த்துவிட்ட இருபத்து நாலு முயல் கண்டத்தையே மொட்டையடித்த வரலாறு அவர்களுக்கு. விதிவிலக்கு யாருக்கு என்றால், ஆய்வுக்கூடம், மிருகக்காட்சிசாலை, அப்புறம் மேஜிக் நிபுணர்.

மேற்கில் நாய் எப்படி சோபாவில் ஏறியது என்பதைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. ஜெர்மனியில் நாய்க்கு நகராட்சி வரி உண்டு, பூனைக்குக் கிடையாது. ஆண்டுக்கு 40 கோடி யூரோவுக்கு மேல் வசூலாகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நம் ஊர் நாய்க்குத் திரும்புகிறேன். என் சின்ன வயதில் வசதியான வீட்டு நாய் என்றால் வெள்ளை வெளேரென்ற ‘பொமரேனியன்’. பெரும்பாலும் அது நம் சூட்டுக்குப் பழகிய இந்திய ஸ்பிட்ஸ். வெளிநாட்டு நாய் கிடைக்காத காலத்தில் அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்துத் திருப்திப்பட்டோம். பிறகு 2003இல் ஹட்ச் மொபைல் விளம்பரத்தில் ஒரு பையனின் பின்னாலேயே ஒரு பக் நாய் நடந்துபோயிற்று. அவ்வளவுதான். ஊரெல்லாம் சப்பை மூக்கு. நாய் நம்மைப் போல வேர்ப்பதில்லை, பெரும்பாலும் மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிரவைக்கும். மூக்கையே சுருக்கிவிட்ட இனத்துக்கு மே மாதத்து மும்பைப் புழுக்கம் எப்படி இருக்கும் என்று வாங்கியவர்கள் கேட்கவில்லை. இப்போது ஹஸ்கி. சைபீரியப் பனியில் வண்டியிழுக்க வளர்த்த இரட்டை ரோமத்தோடு அந்தேரியில் ஏசி அறையில் படுத்திருக்கிறது; கரன்ட் பில்லைப் பற்றி அதன் சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வியாபார இனப்பெருக்கத்துக்காக நாய் இறக்குமதி செய்வதை 2016இல் நிறுத்தினார்கள். அதற்கு முன்பே வந்தவை இங்கே பெருகிவிட்டன.

பிஸ்தாவுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. குட்டை ரோமம், நீள மூக்கு, இந்த ஊர் மழையில் பிறந்த உடம்பு. அதற்கு இருந்த ஒரே சிக்கல் லிஃப்ட்.

மீட்டிங்கில் தம்பி ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்: குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை முடிவெடுத்தாலும் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது, லிஃப்டை மறுக்க முடியாது; நாயால் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்வதும் அசுத்தத்தை அகற்றுவதும் வளர்ப்பவர் பொறுப்பு. சேர்மன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். மாமியிடம் நான் மெல்லச் சொன்னேன், அந்த வாரியத்தை 1962இல் தொடங்கித் தலைமை தாங்கியவர் ருக்மிணி தேவி அருண்டேல், அதற்கு இரண்டு வருஷம் முன்னால் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் வந்ததற்கும் அவர்தான் காரணம் என்று. “கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவியா?” என்றார் மாமி. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தம்பியிடம், “ஏறட்டும். ஆனா நான் உள்ள இருந்தா நீ அடுத்த டிரிப்ல வா” என்றார். அதுவே தீர்மானமாக எழுதப்பட்டது, மாமியின் பெயர் இல்லாமல்: லிஃப்டில் ஏற்கெனவே இருப்பவர் ஆட்சேபித்தால் நாயுடன் வருபவர் காத்திருக்க வேண்டும்.

அடுத்த விஷயம் புறா. தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான கபூதர்கானாவை, வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருந்தபோதே, 2025இல் மாநகராட்சி தார்பாய் போட்டு மூடி, ஜைனர்கள் போராடியதிலிருந்து எங்கள் பில்டிங் ஜன்னல்களில் கூட்டம் அதிகம் என்பது செயலாளரின் வாதம். யாரும் வளர்க்காமலே இருபது வீட்டுப் பால்கனியிலும் குடியிருக்கும் ஒரே பிராணி அதுதான். சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று வலை போடுகிறவரின் கொட்டேஷன் வந்திருந்தது. பிஸ்தாவுக்காக ஒரு மணி நேரம் சண்டை போட்ட சபை, அதை இரண்டு நிமிஷத்தில் ஏகமனதாக நிறைவேற்றியது. தம்பியும் கை தூக்கினார்.